குடிநீர் அளவுகோல் நத்தைக்குப் போதாது

ஏரியில் மீன்கள் செத்து மிதந்தால் மறுநாள் நாளிதழில் படம் வருகிறது. நத்தைகள் குறைந்தால் யாரும் கவனிப்பதில்லை. ஈயம், காட்மியம் போன்ற கன உலோகம் கலந்த நீரில் அவை உடனே சாகாமல், வளர்ச்சி குன்றி, முட்டையிடுவதும் குறைந்து, சில ஆண்டுகளில் அந்த நீர்நிலையிலிருந்தே அற்றுப்போகக்கூடும்.

ஓடு கட்டுவதற்கான சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதியை நன்னீர் நத்தை நீரிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. ஈயம் இந்த உறிஞ்சுதலைத் தடுக்கிறது; வேகமாக வளரும் குஞ்சுப் பருவத்தில் பாதிப்பு மிக அதிகம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழும் லிம்னேயா என்ற குளத்து நத்தையின் குஞ்சுகள், லிட்டருக்கு 4 மைக்ரோகிராமுக்கும் குறைவான ஈயத்திலேயே வளர்ச்சி குன்றுகின்றன என்று 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயம் மனிதருக்கு அனுமதிக்கும் ஈயத்தின் அளவோ லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நீரின் கடினத்தன்மைக்கேற்ப நஞ்சின் வீரியம் மாறும் என்பதால் அந்த ஆய்வின் எண்ணை அப்படியே நம் வயல் நத்தைக்குப் பொருத்த முடியாது. ஆனாலும், மனிதன் குடிக்கத் தகுந்த நீர் எல்லா உயிர்க்கும் தகுந்தது என்ற நம் நம்பிக்கை தவறு என்பதற்கு இது ஒன்றே போதும்.

நீர்நிலைகளைத் தரம் பிரிக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வனவிலங்குகளுக்கும் மீன்வளத்துக்கும் உரிய ‘டி’ பிரிவுக்கு அமில காரத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா ஆகிய மூன்றை மட்டுமே அளவுகோலாக வைத்திருக்கிறது. ஈயம், காட்மியம், குரோமியம் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. உயிரினங்களுக்கென்றே வகுத்த பிரிவில் இப்படியொரு விடுபடல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீரை மட்டும் சோதிப்பதிலும் ஒரு குறை உண்டு. உலோகங்களில் பெரும்பகுதி சேற்றில் படிந்துவிடும்; மழைக்குப் பின் எடுத்த நீர் மாதிரி சுத்தமாகத் தெரியலாம். நத்தையோ அரம் போன்ற நாக்கால் பாசியையும் அதில் படிந்த வண்டலையும் சுரண்டித் தின்கிறது. உண்டதில் உள்ள உலோகம் அதன் செரிமானச் சுரப்பியில் சேர்கிறது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையொன்றின் லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு பல ஆண்டுகள் திறந்தவெளியில் கிடந்தது. இத்தகைய இடங்களில் நீரை மட்டும் அளந்து நிறைவுகொள்வது பாதிக் கணக்குதான்.

வயல் நத்தையைக் கறியாக்கி உண்ணும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மூல நோய்க்கு நல்லது என்று நகரத்தாரும் தேடி வாங்குகிறார்கள் (அந்த வைத்தியத்தைப் பற்றித் தனியாகத்தான் பேச வேண்டும்). வேடந்தாங்கலுக்கு வரும் நத்தை குத்தி நாரைக்கு முதன்மை உணவே நத்தைதான். நத்தையின் உடலில் சேர்ந்தது அதை உண்பவருக்கும் போய்ச் சேரும்.

உள்ளூர் நத்தையின் குஞ்சு வளர்ச்சியையும் முட்டையிடலையும் சோதனைக் கூறுகளாக்குவது எட்டாத காரியமல்ல. பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு (OECD) 2016லேயே லிம்னேயாவின் இனப்பெருக்கச் சோதனைக்கு வழிமுறை வகுத்திருக்கிறது. தொழிற்பேட்டைகளுக்குக் கீழே உள்ள ஏரிகளில் ஆண்டுதோறும் நீரோடு வண்டலையும் நத்தைத் தசையையும் சோதித்து, முடிவுகளை அந்தந்த ஊராட்சியில் வாரியம் எழுதி ஒட்ட வேண்டும்.