கத்தினால் கோமாளியா?

நேற்றைய அந்தப் பதிவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே சிரித்தவர்களில் பாதிப்பேர் என்னுடைய நட்புப் பட்டியலிலும் இருக்கிறார்கள் என்பதால் பெயர் சொல்லவில்லை. பிரெஞ்சுச் சைக்கிள் அணி ஒன்றை நடத்திய மார்க் மதியோ கார் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை விட்டுக்கொண்டு, கதவை அடித்து அடித்துத் தொண்டை கிழியக் கத்துகிற அந்தப் பழைய காணொளி. மேலே, 'சைக்கிள் ஓடுறவனை விட இந்தக் கோமாளிக்குத்தான் மூச்சு வாங்குது' என்று ஒரு வரி. நல்ல நகைச்சுவை, வாழ்த்துகள்.

அந்தக் கோமாளி பரிஸ்-ரூபே என்ற ஒருநாள் சைக்கிள் போட்டியை இரண்டு தரம் வென்றவர், 1985லும் 1991லும். 250 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம், அதில் ஐம்பதுக்கு மேல் கல் பதித்த பழைய பாதை, மழை என்றால் சேறு, வெயில் என்றால் புழுதி. அதில் இரண்டு தரமும் தனியாக வந்து முடித்தவர். 1994ல் அதே போட்டியில் விழுந்து எலும்பு முறிந்தது, அதோடு ஓட்டம் முடிந்தது. 1997ல் பிரெஞ்சு லொத்தர் நிறுவனத்தின் பணத்தில் ஓர் அணியைத் தொடங்கினார், அந்த முதல் வருடமே அவருடைய அணியின் ஓட்டக்காரர் கெதோன் ரூபேயை வென்றார். இதெல்லாம் தெரிந்துதான் சிரித்தீர்களா?

காணொளி 2012ல், நாளுக்கொரு ஓட்டமாக மூன்று வாரம் நடக்கிற தூர் து பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் எடுத்தது. மதியோவின் அணியில் ஓடிய திபோ பினோவுக்கு அப்போது 22 வயது, அந்த வருடம் ஓடியவர்களில் வயதில் அவர்தான் ஆகச் சின்னப் பையன். பொராந்துருய் ஊரை நோக்கித் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறார், பின்னால் முந்தைய வருடச் சம்பியன் எவன்ஸ் இருக்கிற கூட்டம் துரத்துகிறது. காரில் இருப்பவர் என்ன செய்ய முடியும்? மிதிக்க முடியாது. தண்ணீர்ப் போத்தல் கொடுக்கலாம், எத்தனை விநாடி இடைவெளி என்று சொல்லலாம், கத்தலாம். அவர் கத்தினார். 26 விநாடி வித்தியாசத்தில் அன்றைய ஓட்டத்தைப் பையன் வென்றான்.

சரி, 'அவர் ஒரு தூர் கூட வெல்லாத மனேஜர்தானே, கிமாரைப் பார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். பார்த்திருக்கிறேன் ஐயா. அந்தக் காலத்து மனேஜர் சிரில் கிமார், வான் இம்ப், இனோ, பின்யோன் என்ற மூன்று ஓட்டக்காரரை வைத்து ஏழு தூர் வென்றவர், மதியோவே அவரிடம் ரெனோ அணியில் ஓடியவர்தான். ஆனால் 1985ல் இனோ வென்ற பிறகு எந்தப் பிரெஞ்சுக்காரர் தூரை வென்றார்? ஒரு பிரெஞ்சுக்காரரைத் தூர் வெல்ல வைக்காதவர் கோமாளி என்றால், பிரான்ஸில் அதற்குப் பிறகு அணி நடத்திய எல்லாருமே கோமாளிகள்தான். எழுதுங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு காணொளி போடுங்கள்.

வெல்லாதது எப்படி இருக்கும் என்று 2019 தூரில் பார்த்தேன். அப்போது நான் ஒரு உணவகக் குசினியில் வேலை, தட்டுகளுக்கு மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாரத்துக்கு முன்னர்தான் பினோ தூர்மலே மலை ஓட்டத்தில் வென்றிருந்தார், மொத்தக் கணக்கில் ஐந்தாம் இடம், முதலிடத்தில் இருப்பவர் போடுகிற மஞ்சள் சட்டைக்கு 1 நிமிடம் 50 விநாடிதான் தூரம். அன்று தொடையில் தசை கிழிந்து, அழுதுகொண்டே சைக்கிளை விட்டு இறங்கினார். எங்கள் செஃப் பிரான்ஸின் மேற்குப் பக்கத்து பிரெத்தோன்காரர், மற்ற நேரம் சட்டியால் எறிகிற ஆள். அடுப்பில் சோஸை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார். யாரும் எதுவும் பேசவில்லை. அந்தக் குசினியில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இன்னும் ஒன்று கேட்கலாம், நியாயமாகவே கேட்கலாம்: 1999ல் ஊக்கமருந்து பற்றி வாய் திறந்த ஓட்டக்காரர் பாஸோன்ஸ் மதியோவின் அணியில்தானே இருந்தார், அணி ஏன் அவர் பக்கம் நிற்கவில்லை? இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நீங்கள் அதையா கேட்டீர்கள்? கத்துகிறார் என்றுதானே சிரித்தீர்கள்.

இன்னொருவனின் வெற்றிக்காக வெட்கம் விட்டுக் கத்துவது அவ்வளவு கேவலமா? இரண்டு ரூபே வென்ற மனிதன் தன் பெயர் வராத ஒரு வெற்றிக்காகக் கத்துகிறான். நாங்கள் எங்கள் பிள்ளைகள் வென்றால் கூடக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம், பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று. அப்புறம் வீட்டுக்குப் போய் 'ஏன் முதலாவது வரவில்லை' என்று கேட்கிறோம்.

நான் அப்படி நிற்கவில்லை. எங்கள் ஆட்களின் விளையாட்டுப் போட்டி ஒன்றில் மகன் 400 மீற்றர் ஓடினான், நான் கோட்டுக்குப் பக்கத்தால் கூடவே ஓடிக் கத்தினேன். நாலாவதாக வந்தான். அன்று இரவே அந்தக் காணொளி வட்ஸப் குழுவில், மேலே சிரிப்புப் பொம்மை. அதை மகனும் பார்த்தான். அடுத்த வருடம் ஓடப் போகவில்லை. கேட்டதற்கு, 'நீங்கள் வந்து கத்துவீங்கள்' என்றான்.

அதை எடுத்துப் போட்டவரும் நேற்றைய பதிவின் கீழே சிரித்திருக்கிறார். இதற்கும் ஒன்று போடட்டும்.