மூச்சுப் பயிற்சி இருக்கட்டும், முதலில் தேதியைச் சொல்லுங்கள்

வியாபாரம் சரிகிறது என்ற செய்தி கசியத் தொடங்கிய மறுவாரமே மனிதவளத் துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்துவிடுகிறது. எத்தனை பேருக்கு வேலை போகும் என்பது அதில் இருக்காது. எந்தப் பிரிவை மூடப்போகிறார்கள், சம்பள உயர்வு இந்த ஆண்டு உண்டா இல்லையா என்பதெல்லாமும் இருக்காது. புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மூச்சுப் பயிற்சி வகுப்பு நடக்கிறது, அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும் என்று மட்டும் இருக்கும். நெருக்கடி வந்தால் நிர்வாகங்கள் ஊழியர் நலனை மறந்துவிடுகின்றன என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அவர்கள் அதை நன்றாக நினைவில் வைத்திருந்து, உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். என் ஆத்திரமெல்லாம் அதன்மேல்தான்.

அனைத்து ஊழியர் கூட்டம் என்ற பெயரில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். திரையின் ஓரத்தில் கேள்விகளைத் தட்டச்சு செய்யலாம், பிறர் கேட்ட கேள்விக்கு ஆதரவும் தெரிவிக்கலாம் என்பார்கள். "இந்தக் காலாண்டில் ஆட்குறைப்பு இருக்குமா?" என்ற கேள்வி, நூற்றுக்கணக்கானோர் ஆதரவுடன் பட்டியலின் உச்சியில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கும். கூட்டத்தை நடத்துபவரோ அதைத் தாண்டிக் கீழே போய், புதிய அடையாள அட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்ட ஒருவருக்கு ஐந்து நிமிடம் விரிவாகப் பதில் சொல்வார். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்தக் கேள்விக்கு வந்தால், வதந்திகளைப் பொருட்படுத்தாமல் வேலையில் கவனம் செலுத்துங்கள் என்று அறிவுரை வரும். வதந்தி எங்கிருந்து வருகிறது? சொல்ல வேண்டியவர்கள் வாயைத் திறக்காத இடத்தில்தானே அது முளைக்கிறது?

நிச்சயமின்மை மனிதனை என்ன செய்யும் என்பது ஊகித்து அறிய வேண்டிய விஷயமன்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றில் பாறைகளைப் புரட்டச் சொன்னார்கள். அடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்னதிர்ச்சி கிடைக்கும். அதிர்ச்சி நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்த தருணங்களைவிட, கிடைக்கலாம் அல்லது கிடைக்காமலும் போகலாம் என்று சரிபாதி வாய்ப்பிருந்த தருணங்களில்தான் அவர்களின் பதற்றம் உச்சத்தில் இருந்தது. வியர்வையும் கண்மணியின் விரிவும் அதையே காட்டின. கெட்ட செய்தியைத் தள்ளிப்போட்டு ஊழியரைக் காப்பாற்றுவதாக நினைக்கும் நிர்வாகி, அந்த விளையாட்டின் ஆகக் கொடிய கட்டத்தில் ஆயிரக்கணக்கானோரை மாதக்கணக்கில் உட்கார வைத்திருக்கிறார்.

அந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று மேல்மாடியில் இருப்பவர்களுக்கு யார் சொல்வது? பொருள் குறிப்பிடாத ஒரு பதினைந்து நிமிடச் சந்திப்பு அழைப்பு நாட்காட்டியில் விழுந்தால், அதில் மேலாளருடன் மனிதவளத் துறை அதிகாரியின் பெயரும் இருக்கிறதா என்பதைத்தான் கண் முதலில் தேடுகிறது. இருந்தால் அன்றைய வேலை அத்துடன் முடிந்தது. பக்கத்து இருக்கைக்காரரின் கணக்கு திடீரென்று செயலிழந்ததாகக் காட்டினால், அவர் விடுப்பில் போயிருக்கிறாரா, ஒரேயடியாகப் போய்விட்டாரா என்று விசாரிக்கக்கூட எல்லோரும் அஞ்சுகிறார்கள். வீட்டுக்கடனுக்குக் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா, குழந்தையைப் பெரிய பள்ளிக்கு மாற்றுவதா, தள்ளிப்போட்டு வந்த அறுவை சிகிச்சையைக் காப்பீடு இருக்கும்போதே செய்துகொள்வதா என்று ஒவ்வொரு வீட்டிலும் இரவு நேரத்தில் கணக்குப் பார்க்கிறார்கள். காய்ச்சலோடு வேலைக்கு வருகிறார்கள், ஏனென்றால் பட்டியல் தயாராகும் வாரத்தில் விடுப்பில் இருந்தவர் என்ற பெயர் யாருக்கும் வேண்டாம். இத்தனைக்கும் நடுவில் அழைத்து, கண்ணை மூடி அலைகளின் ஓசையை நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

இடையில் கருத்துக்கணிப்பு வேறு. பெயர் கேட்கமாட்டோம், உங்கள் பதில்கள் முற்றிலும் இரகசியம் என்று முதல் வரியில் உறுதி கூறிவிட்டு, இரண்டாவது பக்கத்தில் பிரிவு, பதவி நிலை, பணிக்காலம், வயது, பாலினம் ஆகிய ஐந்தையும் கட்டாயமாக நிரப்பச் சொல்கிறார்கள். ஏழு பேர் கொண்ட குழுவில் இந்த ஐந்தையும் நிரப்பிய பிறகு மறைந்திருக்க என்ன மிச்சம் இருக்கிறது? எல்லோரும் நான்கு நட்சத்திரம் கொடுத்துவிட்டு வெளியேறுகிறார்கள். அடுத்த மாதம் அந்த நான்கு நட்சத்திரமே ஊழியர் மகிழ்ச்சிக்கு ஆதாரமாக ஆண்டறிக்கையில் ஏறிவிடுகிறது.

இந்த வகுப்புகளாலும் செயலிகளாலும் பயன் இருந்தாலாவது பல்லைக் கடித்துக்கொண்டு போகலாம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பிளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனின் 233 நிறுவனங்களில் 46,336 ஊழியர்களின் பதில்களை எடுத்துப் பார்த்தது. மனவலிமைப் பயிற்சி, மன அழுத்த மேலாண்மை வகுப்பு, நல்வாழ்வுச் செயலி போன்றவற்றில் பங்கேற்றவர்கள், பங்கேற்காதவர்களைவிட மேலான நிலையில் இருந்ததாக அதில் தெரியவில்லை. தொண்டுப் பணிக்கு வாய்ப்புக் கொடுத்தது மட்டும் ஓரளவு விதிவிலக்கு. வேலைப்பளு, நேர அட்டவணை, சம்பளம், மேலாளரின் நடத்தை ஆகியவற்றில் கைவைக்காமல் தனி மனிதனைத் திருத்தப் புறப்பட்டால் இதுதான் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை வரையறுத்தபோதும், சரிவரக் கையாளப்படாத நீண்டகாலப் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. அழுத்தம் பணியிடத்தில் இருக்கிறது, மருந்து மட்டும் ஊழியரின் மூக்கு வழியாக உள்ளே போக வேண்டுமாம்.

"எங்களுக்கே எதுவும் தெரியாது, தெரியாததை எப்படிச் சொல்வது?" என்று நிர்வாகத் தரப்பில் கேட்பார்கள். சந்தை எப்போது நிமிரும் என்று அவர்களுக்குத் தெரியாது என்பது உண்மைதான். அதை யாரும் கேட்கவும் இல்லை. எந்தத் தேதியில் முடிவெடுக்கப்போகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், இயக்குநர் குழு கூடும் நாள் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கிறது. யார் முடிவெடுப்பார், எதை வைத்து முடிவெடுப்பார், விற்பனை எந்த அளவுக்குக் கீழே போனால் ஆட்குறைப்பு பற்றிப் பேச்சு எழும், போகிறவர்களுக்கு எத்தனை மாதச் சம்பளம் கிடைக்கும் என்பதெல்லாம் ஏதோ ஒரு கோப்பில் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. பங்குச்சந்தை விதிகள் காரணமாகச் சிலவற்றை வெளியிட முடியாது என்றால், எவற்றை வெளியிட முடியாது, எந்த நாள்வரை முடியாது என்பதையாவது சொல்லலாமே. "மார்ச் 15 வரை எந்த முடிவும் இல்லை, அன்று மாலை அனைவருக்கும் தெரிவிப்போம்" என்ற ஒரே வரி போதும், அதுவரையாவது மனிதர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். இதற்கு ஆலோசகர் வேண்டாம், செயலி வேண்டாம், செலவும் இல்லை. வேண்டியது நேருக்கு நேர் நின்று பேசும் துணிச்சல்தான், அது எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் ஒதுக்கப்படுவதில்லை.

கடைசியில் ஒரு நாள் வெட்டு விழுகிறது. 2021 டிசம்பரில் அமெரிக்க வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றின் தலைவர் சில நிமிடக் காணொலி அழைப்பில் சுமார் 900 பேரை வேலையிலிருந்து நீக்கியது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதைப் பார்த்து மற்ற நிறுவனங்கள் கற்றுக்கொண்ட பாடம், அழைப்புகளைச் சிறு சிறு குழுவாகப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் போலும்.

எஞ்சியவர்களுக்கு வேறு வகையான தண்டனை. நீங்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று சொல்லாமல் சொல்லிவிட்டு, போன மூவரின் வேலையையும் ஒருவர் தலையில் கட்டுகிறார்கள். முன்னுரிமைப் பட்டியலில் ஒன்றையும் குறைப்பதில்லை. நண்பனை இழந்த துக்கம், தான் மட்டும் தப்பித்த குற்றவுணர்வு, அடுத்த சுற்றில் நாமோ என்ற பயம் ஆகிய மூன்றையும் சுமந்துகொண்டு இரவு பத்து மணிக்கு யாரோ விட்டுப்போன கோப்புகளைத் திறந்து, எது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து அறிவித்தன. வேலையில் தொடரும் அதிர்ஷ்டம் அப்படிப்பட்டது. நல்ல திறமைசாலிகள் சத்தமில்லாமல் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள். ஏன் போகிறார்கள் என்று ஆராய அடுத்த கருத்துக்கணிப்பு வரும். நடுவில் மாட்டிக்கொண்ட குழுத் தலைவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவர்களுக்கும் எதுவும் சொல்லப்படுவதில்லை, ஆனால் தெரிந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்களை வெளியே தள்ளுவதைத் தவிர வழியே இல்லை என்பதும் எப்போதும் உண்மையன்று. 2009 நெருக்கடியின்போது ஜெர்மனியில் வேலை நேரத்தைக் குறைத்து ஆட்களைத் தக்கவைக்கும் திட்டத்தின்கீழ் உச்சத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இழந்த நிகர ஊதியத்தில் 60 விழுக்காட்டை, குழந்தை உள்ளவர்களுக்கு 67 விழுக்காட்டை, அந்நாட்டின் வேலைவாய்ப்பு முகமை ஈடுசெய்தது. அரசுத் துணை இருந்ததால் அங்கே முடிந்தது என்பார்கள். அதே 2009இல் பேரி-வெமில்லர் என்ற அமெரிக்க இயந்திர உற்பத்தி நிறுவனம், யாரையும் அனுப்பாமல், தலைவர் உட்பட ஒவ்வொருவரும் நான்கு வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது. வசதியுள்ள சிலர் வசதியற்ற சக ஊழியருக்காகக் கூடுதல் வாரங்களைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். இதுவும் இழப்புதான், நான்கு வாரச் சம்பளம் சின்ன விஷயமில்லை. ஆனால் யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பது அங்கே எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது, அந்த இழப்பு மேலிருந்து கீழ்வரை போனது.

ஆகவே எங்கள் மனநலத்தின்மேல் அக்கறை கொண்டவர்கள் இனி அனுப்பும் மின்னஞ்சலில் பயிற்சி வகுப்பின் இணைப்பை விட்டுவிட்டு, முடிவெடுக்கும் தேதியை எழுதட்டும். சிக்கன நடவடிக்கையில் தலைமை அதிகாரிகளின் ஊக்கத்தொகை சேர்கிறதா என்பதையும் அதற்கடுத்த வரியிலேயே எழுதட்டும்.