அறைக்குள் இருக்கும் விளக்குக்கு இணையம் எதற்கு?

கைக்கெட்டும் தூரத்தில் செல்பேசிச் செயலியால் இயக்கும் ஸ்மார்ட் விளக்கு, கையில் செல்பேசி. இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. ஆனாலும் இணையம் போன சற்று நேரத்தில் செயலியில் அந்த விளக்கின் படம் சாம்பல் நிறமாகி, 'சாதனம் இணைப்பில் இல்லை' என்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் தரும் கட்டளை நேராக விளக்குக்குப் போவதே இல்லை. எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வீட்டுக்குள் வருகிறது. மாலை ஆறரைக்குத் தானாக எரிய வேண்டும் என்ற சின்ன ஏற்பாடுகூடப் பல சாதனங்களில் அந்தச் சர்வரை நம்பித்தான் இருக்கிறது. நாளைக்கே அதை மூடிவிட்டால், காசு கொடுத்து வாங்கிய பொருளை என்ன செய்வது?

முடியாத காரியமா இது? ஜிக்பீ என்ற குறுந்தூர ரேடியோ முறையில் இயங்கும் விளக்குகள், வீட்டிலேயே இருக்கும் ஹப் என்ற மையப் பெட்டியுடன் நேரடியாகப் பேசுகின்றன. பல நிறுவனங்களின் ஸ்மார்ட் சாதனங்களுக்கும் பொதுவாக 2022இல் வெளியான மேட்டர் என்ற தரநிலையும் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே இயங்கும்படிதான் வடிவமைக்கப்பட்டது. அப்புறமும் ஏன் இந்தச் சுற்றுவழி? குறைந்தபட்சம் பெட்டியின் மேல் 'இணையம் இல்லாவிட்டால் செயலி வேலை செய்யாது' என்று பெரிய எழுத்தில் அச்சிடட்டும். வாங்குவதா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.