பீட்சாவுக்கு ஒரு நாட்டாமை

நேற்று முழுக்க முகநூலில் அந்தப் படத்தின் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் பாக்கியவான்கள், போய்த் தேட வேண்டாம். நேப்பிள்ஸில் ஒரு பீட்சா கடையில் என் அத்தை கத்தியும் ஃபோர்க்குமாக உட்கார்ந்திருக்கிற படம். அதை எடுத்துப் போய் "பீட்சா சாப்பிடவே தெரியாதவர்களை இத்தாலிக்குள் யார் விட்டது" என்று எழுதிப் பகிர்ந்த அண்ணன் உணவைப் பற்றி நிறைய எழுதுகிறவர், நானும் அவரை விடாமல் வாசிக்கிறவன்தான். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டிவிட்டன. சரி, சிரியுங்கள். சிரிப்பதற்கு முன்னால் அது எந்த ஊர் என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

நேப்பிள்ஸில் மேசையில் உட்கார்ந்தால் பீட்சாவை வெட்டிக் கொண்டுவந்து வைக்கமாட்டார்கள். ஆளுக்கு ஒன்று, முழுசாக, ஓரம் தட்டைத் தாண்டி நிற்கும்படி வரும். கூடவே கத்தியும் ஃபோர்க்கும். 430 டிகிரி செல்சியஸுக்கு மேல் தகிக்கிற விறகடுப்பில் 60 முதல் 90 வினாடிதான் உள்ளே இருக்கும் என்பதால் ஓரம் உப்பி, அங்கங்கே கருகியிருக்கும், நடுப்பகுதியோ ஈரமாகத் தொளதொளவென்று இருக்கும். வெட்டிய துண்டை அப்படியே தூக்கினால் நுனி தொங்கி, சீஸ் சரிந்து, தக்காளிச் சாறு மணிக்கட்டு வரை வழியும். அத்தைக்கு இதெல்லாம் தெரியாது. தட்டு வந்ததும் தொடாமல் கொஞ்ச நேரம் பக்கத்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு உள்ளூர்ப் பெரியவர் நடுவிலிருந்து சின்னதாக அறுத்து, ஃபோர்க்கால் மடித்துச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அத்தையும் அதையே செய்தார். போன ஊரில் அந்த ஊர்க்காரரைப் பார்த்துச் சாப்பிட்டவருக்குத்தான் "சாப்பிடத் தெரியாதவர்" பட்டம்.

இதே நேப்பிள்ஸில் தெருவில் நின்று வாங்கினால் சின்ன பீட்சாவை நான்காக மடித்துக் காகிதத்தில் வைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரே ஊருக்குள்ளேயே ரெண்டு வழக்கம். ரெண்டும் சரி.

அப்புறம் "பீட்சா என்றால் கையால்தான்" என்கிற சட்டம் எங்கிருந்து வந்தது? நியூயார்க்கிலிருந்து. அங்கே துண்டு பெரியது, மெல்லியது, அடிப்பாகம் விறைப்பாக இருக்கும், நீளவாக்கில் மடித்து நடந்துகொண்டே தின்னலாம். அந்த ஊருக்கு அது பொருத்தம். 2014 ஜனவரியில், நியூயார்க் மேயராகப் பதவியேற்ற சூட்டோடு, பில் டி பிளாசியோ ஸ்டேட்டன் ஐலண்டில் ஒரு கடையில் பீட்சாவை ஃபோர்க்கால் சாப்பிட்டுவிட்டார் என்று பத்திரிகைகள் போட்ட கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. என் முன்னோர்கள் ஊரில் இப்படித்தான் என்று அந்த மனிதர், தாய்வழியில் இத்தாலியர், விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இத்தாலிக்காரர்களின் வழக்கத்துக்காக இத்தாலிய வம்சாவளிக்காரரையே கேலி செய்த ஊர் அது. அந்த ஊர் விதியைத் தூக்கிக்கொண்டு வந்து நேப்பிள்ஸில் உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மாவை அளக்கிறார் நம் அண்ணன். அவர் நியூயார்க் போய்வந்த கதை நமக்கெல்லாம் தெரியும், வருஷம் முழுக்க வாசித்தோமே.

அதே அமெரிக்காவில் சிகாகோ இருக்கிறது. அங்கே 1940களில் பிறந்த டீப் டிஷ் பீட்சா ஆழமான தட்டில் வேகும், சீஸ் அடியில், தக்காளி மேலே. கையால் எடுத்துப் பாருங்கள், சட்டை போய்விடும். ரோமில் நீளமான தட்டில் சுட்டு வைத்திருப்பார்கள், எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி எடை போட்டு விற்பார்கள். கத்தரிக்கோலால்! அதைப் படம் போட்டிருந்தால் அண்ணன் என்ன சொல்லியிருப்பாரோ. அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸில் சீஸ் வழிகிற தடித்த துண்டின் மேலே கடலைமாவில் செய்த ஃபைனா என்கிற அடையை ஒரு துண்டு ஏற்றி வைத்துச் சாப்பிடுகிறார்கள், ஜெனோவாவிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் கொண்டுபோனது. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் உட்கார்ந்தால் கத்தியும் ஃபோர்க்கும்தான் மரியாதை. அண்ணன் அங்கே போய் மடித்துத் தின்றால் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

சொல்ல வந்தது ஒன்றுதான். பீட்சாவுக்கு ஒரே சரியான முறை என்று எதுவும் கிடையாது. நீங்கள் சட்டம் என்று நினைப்பது நீங்கள் முதலில் பார்த்த ஊரின் பழக்கம். அவ்வளவுதான்.

நான் ஸ்வீடனில் வேலை பார்த்தபோது வாழைப்பழமும் கறிப்பொடியும் போட்ட பீட்சாவை முதல்முதலாகப் பார்த்தேன். கூடவே காசில்லாமல் ஒரு டப்பா முட்டைக்கோஸ் சாலட், மெல்லிசாக அரிந்து வினிகர் விட்டது. யுகோஸ்லாவியாவிலிருந்து வந்து கடை போட்டவர்கள் ஆரம்பித்த பழக்கமாம், இப்போது அது இல்லாவிட்டால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார். எங்கள் அலுவலகத்தில் இத்தாலியர் ஒருவர் இருந்தார், தென் இத்தாலியின் பாரி நகரத்துக்காரர். அவர் அந்த வாழைப்பழ பீட்சாவைத் திட்டப்போகிறார் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். மனிதர் நிதானமாக அறுத்துத் தின்றுவிட்டு, "இது ஸ்வீடன் சாப்பாடு, நன்றாக இருக்கிறது" என்று சொல்லி என் தட்டில் மிச்சமிருந்த முட்டைக்கோஸையும் எடுத்துக்கொண்டார். இத்தாலிக்காரருக்கு வராத கோபம் மற்றவர்களுக்கு ஏன் வருகிறது என்று அன்றைக்கே யோசித்தேன்.

"அப்போ பாரம்பரியத்தைக் காப்பாற்ற வேண்டாமா" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டார். காப்பாற்றட்டும், யார் வேண்டாம் என்றது? நேப்பிள்ஸ்காரர்கள் 1984இல் சங்கம் வைத்தார்கள், 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பெயரைப் பதிவு செய்தார்கள், 2017இல் அந்த ஊர் பீட்சா தட்டும் கலையை யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள். எல்லாம் செய்கிறவர் எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு. ஃபோர்க் எடுத்தவரைச் சபையில் நிறுத்திச் சிரிப்பதற்கு அல்ல. பாரம்பரியம் பேசுகிறவர்களுக்கு இன்னொன்று: தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மார்கரீட்டா பீட்சாவை 1889இல் இத்தாலி ராணி மார்கரீட்டாவுக்காகச் செய்தார்கள் என்கிற கதையை வரலாற்று ஆய்வாளர்களே முழுசாக நம்புவதில்லை. இத்தாலியில் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பது சாஸேஜும் உருளைக்கிழங்கு வறுவலும் தூவிய பீட்சா. போய்ப் பாருங்கள், மெனுவில் இருக்கும்.

அன்னாசி, ஆமாம், அன்னாசிக்கு வருகிறேன், வராவிட்டால் விடமாட்டீர்கள். 1962இல் கனடாவின் ஒன்டாரியோவில் கிரேக்கத்திலிருந்து குடியேறிய சாம் பனோபுலோஸ் போட்டுப் பார்த்தது, பெயர் மட்டும் ஹவாய். 2017இல் ஐஸ்லாந்து அதிபர் பள்ளிப் பிள்ளைகளிடம் முடிந்தால் இதைத் தடை செய்வேன் என்று சொல்லப்போய், உலகமே அதைப் பிடித்துக்கொள்ள, அப்படிச் சட்டம் போடும் அதிகாரம் எனக்கு இல்லை, இல்லாததும் நல்லதே என்று எழுத வேண்டியதாயிற்று. ஒரு நாட்டின் அதிபருக்கே இல்லாத அதிகாரம் அண்ணனுக்கு எப்படி வந்தது? 2024 தொடக்கத்தில் நேப்பிள்ஸிலேயே ஜினோ சொர்பில்லோ தன் கடை மெனுவில் அன்னாசியைச் சேர்த்துவிட்டார். வசவு வாங்கினார்தான். கடை இடிந்து விழவில்லை.

"கெட்சப் ஊற்றினால் கூடவா சரி" என்று கேட்பார்கள். எனக்குப் பிடிக்காது, பார்க்கவும் பிடிக்காது. ரியோவில் ஊற்றுகிறார்கள், சாவ் பாவ்லோக்காரர்கள் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் பாடு. அடுத்த கேள்வி.

"நேப்பிள்ஸ் வழக்கம் என்று நீயே ஆதாரம் காட்டுகிறாய், பிறகு எந்த விதியும் இல்லை என்கிறாய், முரண்பாடாக இல்லையா?" இருக்கட்டுமே. என் வீட்டுப் பெண்மணியைச் சந்தியில் நிறுத்திவிட்டு என்னிடம் தர்க்கப் பாடம் எடுக்காதீர்கள். நேப்பிள்ஸில் சாப்பிட்டதால் அவர் பக்கம் நியாயம் கூடுதல், அவ்வளவுதான். நியூயார்க்கில் ஃபோர்க் எடுத்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

ஏனென்றால் கீழே வந்த கமெண்டுகளில் பீட்சா எங்கே இருந்தது? ஸ்வெட்டரைப் பற்றி இருந்தது. கத்தியை அவர் பிடித்திருக்கும் விதத்தைப் பற்றி இருந்தது. "இவங்களுக்கெல்லாம் வெளிநாட்டுப் பயணம்" என்று இருந்தது. பெரிய ஓட்டலில் சமையல்காரர் இடுக்கியால் இலையை எடுத்து வைத்தால் "கலை" என்று எழுதுகிறவர்கள்தான் இவர்கள். முழங்கால் வலியோடு கல் பாவிய தெருக்களில் எங்களுக்குச் சமமாக நடந்துவந்தவர் அவர். முகநூலில் இல்லை. இருந்தும் சொந்தத்தில் ஒரு பையன், புண்ணியவான், போனைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். ராத்திரி கூப்பிட்டு "நான் ஏதாவது தப்பாப் புடிச்சிருந்தேனா தம்பி" என்று கேட்டார். இதற்கு என்ன பதில் சொல்ல? நீங்கள் சொல்லுங்கள், சிரிப்புப் பொம்மை போட்டவர்கள்.

இனி "ஒரு ஜோக்குக்கு இவ்வளவு பெரிய பதிவா" என்று ஒருவர் வருவார், கட்டாயம் வருவார். ஆமாம் ஐயா, இவ்வளவு பெரிதுதான். நார்வேக்காரர்களின் உறைபனி பீட்சாவையும் பிரேசிலின் சாக்லேட் பீட்சாவையும் இன்னும் தொடவேயில்லை. சீண்டினால் அதையும் எழுதுவேன்.