என் படத்துக்குக் கலர் அடித்த புண்ணியவானுக்கு

எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக நான் அதை மறுபடி இங்கே போடப் போவதில்லை. அதற்குத் தேவைக்கு மேலேயே லைக் விழுந்துவிட்டது. காசிமேட்டில் மீன் விற்கிற ஆயாவை நான் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை ஏதோ ஒரு ஆப்பில் போட்டுக் கலராக்கி, நம் குழுவிலேயே, என்னை டேக் செய்து, 'இப்பதான் உயிர் வந்துச்சு ப்ரோ' என்று போட்டிருக்கிறார் அந்த அண்ணன். கீழே நெருப்பு எமோஜி வரிசை. என் நண்பர்கள் சிலரும் இதயம் விட்டிருக்கிறார்கள். பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன், கவலைப்படாதீர்கள்.

கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. ஒரு விளக்கம் மட்டும். அந்தப் படத்தில் கலர் விட்டுப்போகவில்லை. நான்தான் அதை நீக்கினேன். கேமரா தன் மூலப் பதிவான ரா ஃபைலில் எல்லாக் கலரையும் பதிந்துதான் வைக்கிறது. அது இப்போதும் என் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லையே.

கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது எங்கே எவ்வளவு வெளிச்சம் என்கிற கணக்கு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு புடவை பச்சையா சிவப்பா என்று எந்த ஆப்பாலும் கண்டுபிடிக்க முடியாது. குத்துமதிப்பாக அடித்துவிடும். அடித்திருக்கிறது. பின்னால் நிற்கிற விசைப்படகை நீலமாக்கி வைத்திருக்கிறது. கடலில் எந்த மாநிலத்துப் படகு என்று பார்த்ததும் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு நிறம் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்குப் பச்சை. காசிமேட்டில் பால்மணம் மாறாத பிள்ளைக்கும் இது தெரியும். உயிர் கொடுத்த ஆப்புக்குத் தெரியவில்லை. ஆயாவின் கத்தரிப்பூ நிறப் புடவை ரோஸ் ஆகிவிட்டது. சரி, அதாவது பரவாயில்லை.

இந்தக் கறுப்பு வெள்ளைப் பைத்தியம் எனக்கு எங்கே பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். ஏதோ வெளிநாட்டுக் கலைஞரைப் பார்த்துக் காப்பியடிப்பதாகப் பின்னூட்டத்தில் ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். அய்யா, எனக்கு வேலை தண்டையார்பேட்டையில் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுவது. நாள் முழுக்கக் கலரோடுதான் குடித்தனம். முகத்தில் திட்டுத்திட்டாக விழுந்த வெளிச்சத்தைச் சரிபண்ணும்போது, கலர் கண்ணை ஏமாற்றும் என்பதால் மேலே ஒரு கறுப்பு வெள்ளை லேயரைப் போட்டுப் பார்ப்போம். வேலை முடிந்ததும் அணைத்துவிடுவோம். அப்படி ஒரு முகூர்த்தப் படத்தில் லேயரைப் போட்டேன். மேடையின் சிவப்பு வெல்வெட், மஞ்சள் லைட், ரோஜா மாலை எல்லாம் ஒரே தட்டில் சாம்பலாக அடங்கிப்போனதும், ஓரத்தில் தாம்பாளத்தோடு நின்ற பெண்ணின் அம்மா தெரிந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். தாம்பாளத்தைப் பிடித்த கட்டைவிரல் நகம் வெளுத்திருக்கிறது. கன்னத்தில் துடைத்தும் துடைக்காத ஈரம். அதே படத்தைக் காலையிலிருந்து கலரில் பார்த்துக்கொண்டிருந்தவன்தான் நான். அந்த அம்மா எனக்குத் தெரியவே இல்லை. லேயரை அணைத்தேன், வெல்வெட் வந்தது, அம்மா போய்விட்டார். போட்டேன், வந்தார். முதலாளி வந்து 'என்னடா லைட் போட்டு விளையாடுற' என்று கேட்கும்வரை அதையேதான் செய்துகொண்டிருந்தேன். அப்புறம் வந்ததுதான் காசிமேடு, ராயபுரம் ஸ்டேஷன், கல்மண்டபம் எல்லாம்.

இப்போது வழக்கமான கேள்விகளுக்கு வருவோம். 'அந்தக் காலத்துல கலர் இல்ல, அதனால எடுத்தாங்க. உனக்கென்ன கேடு?' கலர் இல்லாத அந்தக் காலத்து ஆளையே பார்ப்போம். 1856-ல் மதராஸ் அரசு லின்னேயஸ் டிரைப் என்பவரைத் தன் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டது. அவருடைய நெகடிவ் நீல வெளிச்சத்தைத்தான் அதிகம் வாங்கும். அதனால் வானம் வெறும் வெள்ளையாக வரும். மனிதர் நெகடிவிலேயே சாயம் தொட்டு மேகம் வரைந்தார். ஆமாம், அவரும் கை வைத்தார். தன் நெகடிவில்! அடுத்தவன் படத்தில் மேகம் வரைந்து 'உயிர் வந்துச்சு ப்ரோ' என்று சொல்லவில்லை.

இன்னொருவர் புகைப்படக்காரர் ரகுபீர் சிங்கை இழுத்திருக்கிறார். இந்தியாவுக்குக் கலர்தான் பொருந்தும் என்று வாதாடியவர், அதைச் செய்தும் காட்டியவர். அவர் படங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் விடியற்காலை மீன் ஏலத்தில், ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில், ஐஸ் தண்ணீர் செருப்புக்குள் ஏற நின்று பாருங்கள். அங்கே கலர் என்று இருப்பது லைட்டின் மஞ்சள் ஒன்றுதான். வஞ்சிரமும் மஞ்சள், ஐஸும் மஞ்சள், ஆளும் மஞ்சள். பதில் இவ்வளவுதான். போதாது என்றால் போதாது.

'வடசென்னைன்னாலே கறுப்பு, அழுக்கு, ஏழ்மைன்னு காட்டுறீங்க' என்பதுதான் பெரிய குற்றச்சாட்டு. இதை என்னிடம் சொல்வது யார்? ஞாயிற்றுக்கிழமை போட்டோ வாக் வந்து, வலை பின்னுகிறவரிடம் 'கொஞ்சம் சிரிக்காம இருங்கண்ணா' என்று கேட்கிறவர்கள். நான் ராயபுரத்தில் பிறந்தவன். 2011-ல் நீதிமன்றம் நிறுத்துகிறவரை துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரித் தூள் எங்கள் வீட்டு ஜன்னல் கட்டையில் படிந்தது. கொடியில் காய்ந்த பள்ளிச் சட்டையில் படிந்தது. மோர்க்குழம்புக்குத் தட்டு போட்டு மூடாவிட்டால் அதிலும் படிந்தது. ஈரத்துணியால் துடைப்பது என் தினசரி வேலை. கறுப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். அதில் எத்தனை வகை இருக்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

உண்மையில் எனக்குச் சுருக்கென்று தைத்தது படகும் இல்லை, புடவையும் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆயாவின் முகத்தைப் பார்த்தீர்களா? வெயிலில் கூடையோடு உட்கார்ந்த முகம் கோதுமை நிறத்தில், கிரீம் விளம்பரத்தில் வருகிற மாமியார் மாதிரி மினுமினுக்கிறது. கறுப்பு வெள்ளையாக்கும்போது, ஆரஞ்சு நிறப் பகுதிகளின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆரஞ்சு ஸ்லைடரை ஏற்றினால் நம் தோல் வெளுக்கும், இறக்கினால் கறுக்கும், சுருக்கமும் துல்லியமாக எழும். ஆயாவின் நிறம் வருகிறவரை இறக்கினேன். அந்த ஒரு முகத்துக்காக ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். ஸ்டூடியோவில் 'பொண்ண கொஞ்சம் கலராக்கிக் குடுங்க தம்பி' என்று கேட்காத வீடு கிடையாது. செய்து கொடுப்பேன். சம்பளம் அதற்குத்தான். சம்பளம் இல்லாமல் எனக்காக நான் எடுக்கிற ஒரே படம், அதிலும் வந்து வெளுத்துவிட்டுப் போகிறீர்கள். அதுவும் இலவசமாக. அதற்கு இதயம் வேறு.

'ஆயாவுக்குக் கலர் பிடிச்சிருந்தா?' என்று கேட்பீர்கள். போனில் இரண்டையும் காட்டினேன். கலர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, 'பொடவ நல்லாக்கீது. மூஞ்சி யாருதுடா?' என்றார். பிறகு வாடிக்கை வந்துவிட்டது, சங்கரா எடுத்துப் போடப் போய்விட்டார்.

அட்மினிடம் பதிவை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். 'ஜாலியாதான போட்டாரு, விடுங்க ப்ரோ' என்கிறார். விட்டுவிடுகிறேன். அந்த அண்ணன் தங்கச்சியின் கல்யாண ஆல்பம் இப்போது என் சிஸ்டத்தில்தான் இருக்கிறது. மாப்பிள்ளையின் வேட்டிக்கரை என்ன கலர் என்று நானும் ஜாலியாக ஊகித்துக்கொள்ளட்டுமா என்று அவரிடம் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.