மெதுவாக நகர்வதைக் குறை என்று சொல்ல முடியுமா?

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் 1977-இல் வெளியிட்ட ‘சாங் ஆஃப் சாலமன்’ நாவலின் முதல் பாகம் நகரவே மறுக்கிறது என்று அதைப் பற்றி எழுதிய கட்டுரையாளர் ஒருவர் குறைப்பட்டுக்கொள்கிறார். மெதுவாக நகர்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதைக் குறையாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நாவலில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுத் தன் பெயரைப் பதிவு செய்யவந்த ஒருவர் சொன்ன பதில்களை, குடிபோதையில் இருந்த படைவீரன் தவறான கட்டங்களில் எழுதிவிட, பிறந்த ஊரான மேக்கனும் தந்தை இறந்துவிட்டதைக் குறித்த ‘டெட்’ என்ற சொல்லும் சேர்ந்து அவருடைய பெயராகி, மில்க்மேன் என்று அழைக்கப்படும் பேரன் (நாவலின் நாயகன்) வரை ஒட்டிக்கொள்கின்றன. இனவெறி இங்கே கூச்சலிடுவதில்லை. அலுவலகத் தாளில் ஓர் அலட்சியமாக அமர்ந்திருக்கிறது. இதை அவசரமாகச் சொல்லியிருந்தால் வெறும் வேடிக்கைத் துணுக்காகப் போயிருக்கும்.

தொன்மத்தைக் கையாண்ட விதமும் அப்படித்தான். தொடக்கப் பக்கங்களில் ஒரு பெண் தெருவில் நின்று பாடும் பாட்டு, வெகுதூரம் கடந்தபின் வர்ஜீனியாவின் சிற்றூரில் சிறுவர்களின் விளையாட்டுப் பாட்டாக ஒலிக்கும்போதுதான், அதில் ஆப்பிரிக்காவுக்குப் பறந்துபோனதாகச் சொல்லப்படும் கொள்ளுத்தாத்தா மில்க்மேனுக்குத் தென்படுகிறார். அந்தப் பறத்தலை மாரிசன் கண்மூடித்தனமாகக் கொண்டாடவும் இல்லை. பறந்துபோனவர் விட்டுச்சென்ற மனைவியையும் 21 பிள்ளைகளையும் யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்வியைக் கூடவே எழுப்புகிறார். மில்க்மேன் புதையல் தேடும் பகுதி சற்று இழுவை என்பதை மட்டும் (அதுவும் தயக்கத்தோடு) ஒப்புக்கொள்கிறேன்.