கிராண்ட் கேன்யனில் ஒரு ராத்திரி தங்குங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், எங்கள் ஃபீனிக்ஸ் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஜூன் கடைசியில கிராண்ட் கேன்யன் போறோம். காலையில ஆத்துக்கு இறங்கிட்டு சாயங்காலம் மேல வந்துடலாமா?" கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். "சூப்பர் ப்ரோ, பண்ணுங்க" என்று நான்கு பேர். படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. குழுவில் "வேண்டாம்" என்று மட்டும் போட்டேன். ஏன் வேண்டாம், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மலை ஏறிப் பழகியவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள். மலையில் முதலில் ஏற்றம். மூச்சு வாங்கினால் பாதியில் திரும்பிவிடலாம், திரும்பும் வழி இறக்கம். கேன்யன் என்பது ஆழமான பள்ளத்தாக்கு, அங்கே எல்லாம் தலைகீழ். காலைக் குளிரில் தெம்பாக இறங்குவீர்கள், கால்கள் தானாக ஓடும். ஏற்றம் தொடங்கும்போது மதிய வெயில் தலையில் இருக்கும், உடம்பில் பாதி சக்தி போயிருக்கும். தெற்கு விளிம்பிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் சவுத் கைபாப் பாதை தொடங்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து 7,260 அடி. கொலராடோ ஆறு ஓடுவது ஏறத்தாழ 2,450 அடியில். ஏழு மைல் தூரத்துக்குள் அத்தனையும் இறக்கம். வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலும் இல்லை என்றே சொல்லலாம். மேலே ஸ்வெட்டர் போட்டு நிற்கும் நாளில்கூடக் கீழே வெக்கை அடிக்கும். ஜூனில் கீழே நாற்பது டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். கோடையில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை உள்பகுதியில் நடக்காதீர்கள் என்று பூங்கா நிர்வாகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

இதெல்லாம் நானும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். சில வருடங்களுக்கு முன் நாங்கள் மூன்று பேர், இதே மாதிரி ஒரு ஜூன் காலையில் ஆற்றுக்குப் போகும் இன்னொரு பாதையான பிரைட் ஏஞ்சலில் இறங்கினோம். நாலரை மைல் போய், தோப்பு மாதிரி மரங்கள் நிற்கும் இடத்தில் உட்கார்ந்தபோதே மணி பத்தரை. வெயிலைப் பார்த்து, ஆறு வேண்டாம் என்று திரும்பினோம். மேலே வரும் வழியில் நண்பனுக்குத் தலை சுற்றியது, வாந்தி. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னான். நாங்கள் பயந்துபோய் இன்னும் இன்னும் தண்ணீர் கொடுத்தோம். அங்கே வந்த ரேஞ்சர் (பூங்காக் காவலர்) அம்மா முதலில் கேட்டது, "என்ன சாப்பிட்டார்?" காலையிலிருந்து தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தான். வியர்வையில் உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும்போது வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும் என்று அவர்தான் விளக்கினார். நிழலில் படுக்க வைத்து, தண்ணீரை நிறுத்தச் சொல்லி, உப்பு பிஸ்கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். வெயில் சாய்ந்த பிறகுதான் கிளம்பினோம். மேலே வந்து சேர்ந்தபோது இருட்டி வெகுநேரம் ஆகியிருந்தது. இன்றைக்கும் என் பையில் உப்பு நார்த்தங்காய் இல்லாமல் எந்தப் பாதையிலும் கால் வைப்பதில்லை.

சரி, அப்படியானால் கீழே போகவே கூடாதா? கட்டாயம் போக வேண்டும். மேலே நின்று நாற்பது போட்டோ எடுத்துவிட்டு லாஸ் வேகாஸுக்குக் கிளம்பும் நம் ஆட்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. என் வேண்டுகோள் ஒன்றுதான்: குளிர்ந்த மாதத்தில், முதுகில் பையோடு, பெர்மிட் வாங்கி, கீழே ஒரு ராத்திரி தங்குங்கள்.

2023 நவம்பரில் நாங்கள் அப்படித்தான் போனோம். விடிவதற்கு முன்பே சவுத் கைபாபில் இறங்கத் தொடங்கினோம். குறுக்கே கட்டை வைத்த படிகள், நடுவில் மாவு மாதிரிச் செம்மண், கோவேறு கழுதைகளின் மூத்திர வாடை. கழுதை வரிசை வந்தால், ஓட்டுபவர் சொல்லும் பக்கத்தில் ஒதுங்கி, கடைசிக் கழுதை போகும்வரை அசையாமல் நிற்க வேண்டும். மூன்றாவது மைலில்தான் ஆறு முதல்முறை கண்ணுக்குத் தெரிந்தது, நூல் மாதிரி. மேலே விளிம்பில் இருக்கும் சுண்ணாம்புப் பாறைக்கு வயது ஏறக்குறைய 27 கோடி ஆண்டுகள். கீழே ஆற்றங்கரையில் நான் உள்ளங்கையை வைத்துப் பார்த்த கறுப்புப் பாறைக்கு 170 கோடிக்கும் மேல். வெயில் படாத இடத்தில் சில்லென்று இருந்தது. கையை எடுக்க மனசு வரவில்லை.

ஆற்றைக் கடக்கும் தொங்கு பாலம் 1928-இல் கட்டியது. அதன் முக்கிய இரும்பு வடங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு டன் எடை. எந்தக் கழுதையாலும் அதைத் தூக்கி இந்த வளைவுகளில் திரும்ப முடியாது. ஹவாசுபாய் பழங்குடி ஆட்கள் வரிசையாக நின்று, தோளில் சுமந்து, நாங்கள் இறங்கிய அதே பாதையில் கீழே கொண்டுவந்தார்கள். அதே 1928-இல்தான், நாங்கள் முன்பு உட்கார்ந்த அந்தத் தோப்பில் கடைசியாக வாழ்ந்துகொண்டிருந்த ஹவாசுபாய் மனிதரையும் பூங்கா வெளியேற்றியது. தலைமுறை தலைமுறையாக ஹவாசுபாய் மக்கள் மக்காச்சோளம் விதைத்த இடம் அது. நூறு வருடம் நெருங்கும்போது, 2022-இல், அந்த இடத்துக்கு ஹவாசுபாய் கார்டன்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். பெயராவது திரும்பியது. அங்கே தண்ணீர் பிடிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கேம்ப்சைட்டில் எங்களுக்குக் கிடைத்தது ஓடைக்குப் பக்கத்து இடம். கம்பத்தில் பையைத் தொங்கவிட வேண்டும், சாப்பாட்டை அங்கிருக்கும் இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும். பக்கத்துக் கூடாரக்காரர் பத்து நிமிடம் அசட்டையாக விட்ட பையில் அணில் ஓட்டை போட்டுவிட்டது. கேஸ் அடுப்பில் அவல் உப்புமா செய்தோம். விறகு மூட்டக் கூடாது, அதனால் புகையும் இல்லை, வெளிச்சமும் இல்லை. எட்டு மணிக்கெல்லாம் எல்லா டார்ச்சும் அணைந்துவிட்டது. இரண்டு பக்கமும் சுவர் மாதிரி இருட்டு, நடுவில் ஒரு பட்டை வானம், அதில் அடைத்து வைத்த மாதிரி நட்சத்திரங்கள். ஓடைச் சத்தம் மட்டும். ஒரே நாளில் ஓடிப் போய் வருகிறவருக்கு இது கிடைக்காது.

"பெர்மிட் கிடைக்கிறதே இல்லை, குலுக்கல் என்றால் அதிர்ஷ்டம்தானே" என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கும் இரண்டு முறை கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்றுதான் சொல்வேன். கீழே முப்பது சொச்சம் கூடார இடங்கள்தான். வந்தவரையெல்லாம் விட்டால் அந்த ஓடைக்கரை ஒரே சீசனில் குப்பைமேடாகிவிடும். இன்னொன்று, பணம் கட்டினால் வரிசையில் முன்னால் போகும் வழி இதில் இல்லை. இதே பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒரு காலத்தில் ரால்ஃப் கேமரன் என்பவர் ஒரு டாலர் சுங்கம் வசூலித்தார். அவர் பிடியிலிருந்து தப்பத்தான் பூங்கா நிர்வாகம் சவுத் கைபாப் பாதையையே 1920-களில் வெட்டியது. குலுக்கல் அதைவிட எவ்வளவோ நியாயமானது.

அப்புறம் தண்ணீர். தெற்கு விளிம்பின் குடிநீர் வடக்குப் பக்கச் சுனையிலிருந்து ஒரே ஒரு பழைய குழாயில், ஆற்றைக் கடந்து வருகிறது. அது அடிக்கடி உடையும். 2024 ஆகஸ்ட் கடைசியில் அடுத்தடுத்து உடைந்து, தெற்கு விளிம்பு விடுதிகளில் ராத்திரி யாரும் தங்க முடியாமல் போனது. அதனால் கிளம்பும் முன் எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பூங்காவின் இணையதளத்தில் பாருங்கள். பழைய யூடியூப் வீடியோவை நம்பிப் போகாதீர்கள்.

தம்பி, இதைப் படித்தால்: ஜூனில் மேலேயே நில்லுங்கள். விடியற்காலையில் சவுத் கைபாபில் ஒன்றரை மைல், சீடர் ரிட்ஜ் என்ற இடம் வரை இறங்கி, வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள், அதுவே அருமையான நடை. நவம்பருக்கு இப்போதே குலுக்கல் தேதியைக் குறித்து வையுங்கள், நான்கைந்து மாதம் முன்பே போட வேண்டும். என்னிடம் கூடுதலாக ஒரு கூடாரமும் அடுப்பும் இருக்கின்றன, தயங்காமல் கேளுங்கள். குழுவில் ஒரு இடம் மிச்சம் இருந்தால் நானும் வருகிறேன்.